திருப்பூர் குடிநீர், ஆலந்தூர் சாக்கடை: ஒப்புதலுக்கு இரு வழிகள்

தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு உள்ளூர்த் திட்டங்கள் தனியார் முதலீட்டை நம்பி அரசின் ஒப்புதலைப் பெற்றன. ஒன்று, பவானி ஆற்றிலிருந்து திருப்பூர் வட்டாரத்துக்கு நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீர் கொண்டுவரும் திட்டம். மற்றொன்று, சென்னையை ஒட்டியிருந்த ஆலந்தூர் நகராட்சியின் பாதாள சாக்கடைத் திட்டம். முன்னதன் மதிப்பு 1,000 கோடி ரூபாயைத் தாண்டியது. பின்னதற்குச் சுமார் 34 கோடிதான். அளவை வைத்து இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. ஆனால் கட்டணத்தைக் கட்டப்போவது யார் என்ற கேள்வி எந்தக் கட்டத்தில் எழுப்பப்பட்டது என்று பார்த்தால், இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் சென்றிருப்பது தெரியும்.

திருப்பூரில் ஒப்புதல் மேலிருந்து வந்தது. மாநில அரசின் தொழில் கட்டமைப்பு நிறுவனமான டாசிட், நிதி நிறுவனமான ஐ.எல்.எஃப்.எஸ்., ஏற்றுமதியாளர் சங்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து 1995-இல் ஒரு தனி நிறுவனத்தை உருவாக்கின. 2000-இல் தண்ணீர் கொண்டுவந்து விற்பதற்கான 30 ஆண்டு உரிம ஒப்பந்தம் அதற்கு வழங்கப்பட்டது. நிலத்தடி நீர் உப்பேறிப் போனதால் சாயப்பட்டறைகள் கிலோ லிட்டருக்கு 45 ரூபாய் அளவில் தண்ணீர் வாங்கும், அந்த வருவாயின் பலத்தில் வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் மலிவாக நீர் தரலாம் என்பதே கணக்கு. ஆற்றில் நீர் குறைந்தால் என்ன செய்வது, கடன் தவணை தவறினால் என்ன செய்வது என்ற இரண்டுக்கும் தனி நிதி ஒதுக்கும் அளவுக்கு எச்சரிக்கை இருந்தது. வாங்குபவரே இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு அப்படியோர் ஏற்பாடு இல்லை. சாயப்பட்டறைக்குள் போகும் தண்ணீருக்கு உரிமம் கொடுத்த ஒப்பந்தம், அங்கிருந்து வெளியேறும் சாயக்கழிவைத் தன் பொறுப்பில் சேர்க்கவில்லை. அந்தக் கழிவுதான் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. அதன் காரணமாகவே 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2005-இல் விநியோகத்தைத் தொடங்கிய நிறுவனத்தின் முதன்மை வருவாய் அதோடு சரிந்தது. கழிவைச் சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்துவது கட்டாயமானதால், மீண்டும் திறந்த பட்டறைகளுக்கும் முன்புபோலப் புதுத் தண்ணீர் தேவைப்படவில்லை.

ஆலந்தூரில் யார் கட்டுவார்கள் என்ற கேள்வி முதலிலேயே கேட்கப்பட்டது. அன்றைய நகராட்சித் தலைவர் ஆர்.எஸ்.பாரதியின் முன்முயற்சியில், கடன் கேட்பதற்கு முன்பே வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாயும் வணிக இணைப்புக்கு 10,000 ரூபாயும் வைப்புத்தொகையாகத் திரட்டும் வேலை தெருத்தெருவாக நடந்தது. அந்த நாளில் 5,000 என்பது நடுத்தரக் குடும்பத்துக்கும் பெருந்தொகை. கருத்துக்கணிப்பு எடுக்க வருபவரிடம் 'கட்டுவேன்' என்று சொல்வதும் பணத்தை எடுத்து வைப்பதும் ஒன்றல்ல. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் கடன் தருவதற்கு அந்த ரசீதுகளைவிடப் பலமான ஆதாரம் கிடைத்திருக்காது.

இருந்தாலும் ஆலந்தூரைத் தனியார் முதலீட்டின் வெற்றி என்று கொண்டாடுவோர் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். குழாய் வலையமைப்பு கடனிலும் மானியத்திலும் மக்கள் பணத்திலும் வழக்கமான ஒப்பந்தமுறையில் அமைந்தது. நாளொன்றுக்கு 1.2 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள சுத்திகரிப்பு நிலையத்தை மட்டுமே தனியார் தம் செலவில் கட்டி, இயக்கி, பிறகு ஒப்படைக்க வேண்டியிருந்தது. 1,000 கோடித் திட்டத்துக்கு வீடு வீடாக வைப்புத்தொகை திரட்டுவது நடைமுறைக்கு ஒவ்வாது. சாயப்பட்டறைகளிடம் முன்பணத்தோடு உறுதிமொழி வாங்கியிருந்தாலும் நீதிமன்ற உத்தரவு வந்த நாளில் அது நின்றிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும் ஆலந்தூரின் வழியையே நான் தேர்வேன். நகராட்சி மன்றத் தீர்மானம், வைப்புத்தொகை, அதன்பின் கடன் என்ற வரிசையில், போதிய பேர் பணம் கட்டாவிட்டால் திட்டம் காகிதத்திலேயே நின்றிருக்கும். இழப்பு சில மாத உழைப்போடு முடிந்திருக்கும். திருப்பூரில் மதிப்பீடு தவறாகிப் போனது தெரிந்தபோது குழாய்கள் மண்ணுக்குள் போயிருந்தன, கடன் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைகள் மூடப்பட்ட அதே 2011-இல் ஆலந்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றிய மன்றம் இன்று இல்லை, சாக்கடை இருக்கிறது.