சிரைவழிக் கொழுப்புப் பால்மங்கள்: பதினோரு ஆண்டு அனுபவம்

குடல் இயங்காத நோயாளிகளுக்குச் சிரை வழியாக ஊட்டம் ஏற்றும் பிரிவில் மருந்தாளுநராகப் பணியாற்றத் தொடங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஊட்டத்தில் கொழுப்பு, எண்ணெய் நுண்துளிகளாக நீரில் கலந்த பால்மமாகவே போகிறது. பார்வைக்கு எல்லாப் பால்மங்களும் பால் போலத்தான் இருக்கும். வாரக்கணக்கில் ஏற்றும்போதுதான் வேறுபாடு தெரியவரும்.

அதிகம் பழகியது, சுவீடனில் ஆர்விட் வ்ரெட்லிண்ட் உருவாக்கிய இன்ட்ராலிப்பிட். சோயா எண்ணெய், எண்ணெயை நீரோடு கலந்திருக்கச் செய்யும் முட்டைக்கருவின் பாஸ்போலிப்பிடு, கிளிசரால், நீர் ஆகியவையே அதன் முக்கியக் கூறுகள். ஒரு வாரம், பத்து நாள் ஊட்டத்துக்கு அதில் நான் குறை கண்டதில்லை. 10, 20 சதவீதங்களில் கிடைத்தால் 20 சதவீதத்தையே எடுப்பேன். இரண்டிலும் பாஸ்போலிப்பிடின் அளவு ஒன்றே என்பதால், அதே கொழுப்பை 10 சதவீதத்தில் கொடுக்கும்போது பாஸ்போலிப்பிடு இரு மடங்காக உள்ளே போய், கொழுப்பு இரத்தத்திலிருந்து நீங்குவதைத் தாமதப்படுத்துகிறது.

ஊட்டம் நீளும்போது நிலைமை வேறு. சோயாவிலுள்ள தாவர ஸ்டெரால்கள் (கொலஸ்ட்ரால் போன்ற பொருள்கள்) பித்தத் தேக்கத்தோடு, அதாவது கல்லீரலிலிருந்து பித்தம் சரியாக வெளியேறாத நிலையோடு, தொடர்புபடுத்தப்படுகின்றன. குடலின் பெரும்பகுதியை இழந்த ஒருவருக்கு ஆறாவது வாரத்தில், பித்தம் தேங்கும்போது இரத்தத்தில் கூடும் நிறமியான பிலிருபின் ஏறியபோது, ஸ்மோஃப்லிப்பிடு என்ற கலப்பு எண்ணெய்ப் பால்மத்துக்கு மாறினோம்: சோயா 30, நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு 30, ஆலிவ் 25, மீன் எண்ணெய் 15 சதவீதம். பிலிருபின் இறங்கியது. ஆனால் அதே வாரத்தில் அவருடைய தொற்றும் அடங்கியிருந்ததால், முழுப் பெருமையையும் எண்ணெய்க்கே கொடுக்க எனக்கு மனமில்லை. மீன் எண்ணெய் மட்டுமே கொண்ட ஒமேகாவெனை, பித்தத் தேக்கமுள்ள குழந்தைகளுக்கென 2018இல் அமெரிக்கா அனுமதித்தது. பெரியவர்களுக்கு நான் கலந்து தந்ததில்லை.

எந்த எண்ணெய் என்று விவாதிக்கும் நேரத்தில் பாதியையாவது கையாளுதலுக்குச் செலவிடலாம். மேலே பாலாடை போல் ஒதுங்கியது மெதுவாகக் குலுக்கினால் கலந்துவிடும். மஞ்சள் எண்ணெய்த் துளிகள் பிரிந்து மிதந்தால் பையையே எறிந்துவிட வேண்டும். 1.2 மைக்ரான் வடிகட்டி இல்லாமல் ஏற்றக் கூடாது.

எங்கள் பிரிவில் ஒரு தவறு நடந்தது. மயக்கத்துக்காகக் கொடுக்கும் ப்ரோபோஃபோலும் 10 சதவீத சோயாப் பால்மத்தில்தான் வருகிறது, மில்லிலிட்டருக்கு 1.1 கலோரி. மணிக்கு 20 மில்லிலிட்டர் ஓடினால் நாளைக்கு 48 கிராம் கொழுப்பு. அதை யாரும் கணக்கில் சேர்க்காததால் ஒரு நோயாளியின் இரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டியது. ஆய்வகம் சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) பால்போல் இருப்பதாகச் சொன்ன பிறகே கண்டுகொண்டோம். அன்று முதல் ப்ரோபோஃபோலின் வேகத்தைக் கேட்டறியாமல் நான் பை கலப்பதில்லை.