“காளான் சிகிச்சை” என்று 340,000 ரூபா எடுத்தவர்கள்: போக யோசிப்பவர்கள் இதை வாசியுங்கள்

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 340,000 ரூபா. சீட்டுக் கட்டி எடுத்த காசு. அதை வாங்கியது ஒரு ஒன்லைன் தளம். சைலோசைபின் என்ற, மனநிலையையும் உணர்வையும் மாற்றும் பொருள் உள்ள காளானைச் சாப்பிடும் சடங்குக்கு ஆட்களைப் பதிவுசெய்து, வழிகாட்டியை ஒழுங்குபண்ணி, அதற்கு முதல் சில கிழமை “பாதுகாப்பாகத் தயார்படுத்தி” அனுப்புவோம் என்று சொல்கிறார்கள். விளம்பரம் எல்லாம் நல்ல தமிழில் இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் எங்கட ஆட்களையும் அவர்களிடம் போய்வரும் எங்களையும் பார்த்துத்தான் போடுகிறார்கள்.

இப்படியான சடங்குக்கு எப்படித் தயாராக வேண்டும் என்று தேடித் தேடிப் படித்து வைத்திருக்கிறேன். அதையும் கீழே எழுதுகிறேன். ஆனால் முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இன்று காலையில் அவர்களிடமிருந்து வந்த பதிலைப் பார்த்த பிறகு இனியும் பேசாமல் இருக்க முடியாது.

ஏன் இதற்குப் போனாய் என்று கேட்பீர்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் காணாமல் போன அண்ணனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அம்மா அவன்ர படத்தைக் கையில் வைத்தபடியே கண்ணை மூடினா. நான் பல வருடமாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குப் போய் வருகிறேன், மனச்சோர்வுக்குச் செர்ட்ரலின் குளிசை எடுக்கிறேன். அதனால்தான் எழும்பி வேலைக்குப் போக முடிகிறது. ஆனாலும் நித்திரை சரியில்லை, நெஞ்சுப் பாரம் போகவில்லை. நெதர்லாந்தில் இருக்கும் தங்கச்சிதான் இந்தக் காளான் சிகிச்சையைப் பற்றிச் சொன்னாள். அங்கே 2008 டிசெம்பரில் மாயக் காளான்களைத் தடைசெய்துவிட்டார்கள். அதே பொருள் உள்ள, மண்ணுக்குள் கட்டியாக விளையும் ட்ரஃபிளுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் அங்கே வழிகாட்டியோடு செய்யும் நிலையங்கள் சட்டப்படியே இயங்குகின்றன. அவளிடம் போவதற்கு எனக்கு விசா கிடைத்திருந்தது. களவாக ஒன்றும் செய்யப் போகவில்லை, ஒழுங்கான முறையில் போகத்தான் நினைத்தேன்.

சரி, அந்தத் தளத்துக்கு வருகிறேன்.

பக்கத்தைத் திறந்தவுடன் மரியா சபினாவின் படம். மெக்சிகோவில் ஓஹாக்கா மாநிலத்தின் மலை ஊரான ஹுவாட்லாவில் வாழ்ந்த மசாடெக் இன மூதாட்டி. நோயாளிகளுக்காக இரவு முழுக்கப் பாடிக் காளான் சடங்கு செய்தவர், 1985இல் இறந்தார். “அவரது பரம்பரை வழியில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள்” என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்கள். 1957இல் ஒரு அமெரிக்க சஞ்சிகையில் அந்தச் சடங்கைப் பற்றிக் கட்டுரை வந்த பிறகு வெளியாட்கள் கும்பல் கும்பலாக அங்கே போய் இறங்க, ஊர்ச்சனம் அவரில் ஆத்திரப்பட்டு வீட்டையே எரித்தது. அப்படி எல்லாத்தையும் இழந்த மனிசியின் முகத்தை வைத்து இவர்கள் காசு பார்க்கிறார்கள். இதை எழுதும்போதே எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

என் நம்பிக்கையை வாங்கியது அந்தப் படம் இல்லை. ஒரு போன் அழைப்பு.

படிவத்தில் என் இலக்கத்தைப் போட்ட அன்று பின்னேரமே “வழிகாட்டி” என்று ஒருவர் எடுத்தார். மெதுவான, பதட்டமில்லாத குரல். முதல் கேள்வியே, “அக்கா, நீங்கள் யாழ்ப்பாணத்தில எந்த இடம்?” சொன்னேன். “தின்னவேலியோ? பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்டவோ? எங்கட அம்மா கோண்டாவில் அக்கா. நல்லூர்த் தேருக்கு சின்னனில அப்பான்ர தோளில இருந்து வந்தது இப்பவும் ஞாபகம் இருக்கு” என்றார். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார், அங்கே படிப்பித்த ஒரு ரீச்சரையும் தெரியும் என்றார். பிறகுதான், “ஏன் அக்கா இதுக்கு வர யோசிக்கிறியள்?” என்று கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். வீட்டில் கூட நான் வாய்விட்டுச் சொல்லாத விசயங்களைச் சொன்னேன். கடைசியில் அவர், “அக்கா, என்ர மாமாவும் அப்பிடித்தான் போனவர். உங்களை நான் தனிய விடமாட்டன்” என்றார்.

ஊரைச் சொல்லி, இழப்பைச் சொல்லி, தனிய விடமாட்டேன் என்று சொல்பவரை எங்கட சனத்தில் யார் சந்தேகப்படுவார்கள்? அவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

அடுத்த நாள் ஒரு பெண் வட்ஸ்அப்பில் விலையை அனுப்பினா. நான்கு சூம் வகுப்பு, உடல்நலப் பரிசோதனைப் படிவம், நெதர்லாந்தில் ஒரு நாள் சடங்கு, முடிந்த பின் இரண்டு தடவை கதைப்பது. எல்லாம் சேர்த்து 340,000 ரூபா. யூரோவில் கட்டினால் விலை கூடும், இலங்கைக் கணக்கில் போட்டால் குறையும் என்றா. கணக்கு ஒரு தனிநபரின் பெயரில் இருந்தது. கேட்டேன். “அவர்தான் எங்கட இலங்கைப் பொறுப்பாளர்” என்று உடனே பதில் வந்தது. உடல்நலக் காரணத்தால் வரமுடியாமல் போனால் முழுக் காசும் திருப்பித் தரப்படும் என்று அவர்களின் நிபந்தனையில் தெளிவாக எழுதியிருந்தது. அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டுதான் 340,000 ரூபாவையும் அனுப்பினேன்.

காசு போனபின் வந்த “உடல்நலப் படிவத்தை” நீங்கள் பார்க்க வேண்டும். பிறந்த நட்சத்திரம் கேட்டிருந்தார்கள். பிடித்த நிறம் கேட்டிருந்தார்கள். என்ன மருந்து எடுக்கிறாய் என்று ஒரு வரி இல்லை. பிரஷர் இருக்கா, இருதய வருத்தம் இருக்கா, குடும்பத்தில் யாருக்கும் மனச்சிதைவோ இருமுனை நோயோ வந்ததா, ஒன்றுமே இல்லை. சைலோசைபின் இருதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டும். மனச்சிதைவு, இருமுனை நோய் உள்ளவர்களையும் அவர்களின் நெருங்கிய உறவினரையும் பெரும்பாலான ஆய்வுகளிலேயே சேர்ப்பதில்லை. இருமுனை நோய்க்குக் கொடுக்கும் லிதியம் மருந்தை எடுப்பவர்களுக்கு இதோடு சேர்ந்து வலிப்பு வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. இதை எல்லாம் நான் ஒரு போனை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தே படித்தேன். காசு வாங்கும் வழிகாட்டிக்குத் தெரியாதா?

முதலாவது சூம் வகுப்பு அரை மணித்தியாலம்கூட இல்லை. ஒரு இசை போட்டு மூச்சுப் பயிற்சி, அவ்வளவுதான். நானாகவே சொன்னேன்: செர்ட்ரலின் எடுக்கிறேன், பிரஷருக்கும் குளிசை எடுக்கிறேன். அந்த மெதுவான குரலில் பதில் வந்தது: “அதெல்லாம் கெமிக்கல் அக்கா. இண்டையோட நிப்பாட்டுங்கோ. காளான் எல்லாத்தையும் பார்த்துக்கொள்ளும்.”

அந்தக் கிழமை கிளினிக் நாள். டொக்டரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் ஏசவில்லை. செர்ட்ரலினைத் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்று, தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு, பதற்றம் எல்லாம் வரலாம், மனச்சோர்வு பழையபடி திரும்பலாம் என்று விளங்கப்படுத்தினார். பிரஷரும் சேர்ந்து இருப்பதால் இப்போதைக்கு இந்தச் சடங்கு உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி, அதை எழுதியும் தந்தார்.

அந்தக் கடிதத்தை அவர்களுக்கு அனுப்பி, நிபந்தனைப்படி என் 340,000 ரூபாவைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். கதை அங்கேதான் மாறியது.

“வழிகாட்டி மௌன விரதத்தில இருக்கிறார் அக்கா, கொஞ்சம் பொறுங்கோ.” பொறுத்தேன். “கணக்குப் பிரிவுக்கு அனுப்பியிருக்கு.” கணக்குப் பிரிவு என்றால் யார் என்று கேட்டால் பதில் இல்லை, இரண்டு நீலச் சரி அடையாளம் மட்டும். பிறகு ஒரு நாள், “டொக்டர்மார் இப்பிடித்தான் சொல்லுவினம். 2022இல பெரிய ஆய்வே வந்திருக்கு, வாசியுங்கோ” என்று ஒரு இணைப்பை அனுப்பினார்கள். வாசித்தேன். பத்து நாடுகளில் 233 பேரோடு செய்த ஆய்வு. ஒரே தடவை 25 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மூன்று கிழமையில் மனச்சோர்வு குறைந்தது உண்மை. ஆனால் அதில் சேர முதல் அவர்களின் மருந்துகளை மருத்துவக் கண்காணிப்பில் குறைத்து நிறுத்தியிருந்தார்கள். சைலோசைபின் எடுத்த நாள் முழுக்க, பயிற்சி பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். அப்படியிருந்தும் சிலருக்குத் தற்கொலை எண்ணம் வந்ததை அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். இவர்கள் அனுப்பிய ஆய்வே இவர்கள் செய்வது பிழை என்று சொல்கிறது.

அப்புறம் இன்னொரு பேச்சு: “நெதர்லாந்து சரிவராட்டி கொடைக்கானலில செய்து தாறம். பலாலியில ஏறினா சென்னை, அங்கயிருந்து எங்கட ஆள் கூட்டிக்கொண்டு போவார். காசும் வீணாகாது.” உடல்நிலை காரணமாக வேண்டாம் என்று டொக்டர் எழுதித் தந்ததைக் காட்டிய ஒருத்திக்கு இதைச் சொல்கிறார்கள்! இந்தியாவில் சைலோசைபின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டது. பிடிபட்டால் வெளிநாட்டுச் சிறையில் இருப்பது நான், “எங்கட ஆள்” இல்லை.

இதற்கிடையில் தங்கச்சி அவர்கள் தந்த முகவரிக்கு நேரே போய்ப் பார்த்தாள். அது ஒரு சைக்கிள் திருத்தும் கடை. இதைச் சொல்லிக் கேட்டதற்கு இன்று காலை வந்த பதிலை அப்படியே தருகிறேன்:

“அக்கா, நீங்கள் காசைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறது உங்கட அண்ணாவை விடாமல் பிடிச்சுக்கொண்டிருக்கிற மாதிரி. விட்டால்தான் குணம் வரும்.”

நான் அழுது அழுது நம்பிச் சொன்ன என் அண்ணனை எடுத்து, என் காசைத் தராமல் விடுவதற்குக் காரணம் ஆக்கினார்கள். 340,000 ரூபா பெரிய தொகை. அது என் வீட்டில் பல மாதச் செலவு. ஆனால் இந்த ஒரு வசனத்துக்கு எந்தத் தொகையும் ஈடாகாது. இந்தத் தொழிலில் ஏமாற்றுபவர்களின் கையில் இருக்கும் ஆயுதம் இதுதான். கேள்வி கேட்டால் அது உன் பயம், காசைக் கேட்டால் அது உன் காயம், கோபப்பட்டால் அது உன் மனத்தின் எதிர்ப்பு.

வங்கியில் கேட்டேன். நீங்களே இரகசிய இலக்கம் போட்டு அனுப்பியதால் எங்களால் திருப்ப முடியாது என்றார்கள். முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில் “போதைப்பொருள் வாங்கப் போய் ஏமாந்தனீங்களோ?” என்று கேட்டு எல்லாருக்கும் முன்னால் சிரித்தார்கள். ஆனாலும் எழுதுவித்துத் துண்டு வாங்கிக்கொண்டுதான் வெளிக்கிட்டேன்.

விரிவாக எழுத நினைத்த அறிவுரையை இப்போது எழுதும் நிலையில் நான் இல்லை. அவசரமாகச் சிலது:

நீங்கள் எடுக்கும் மருந்துகளைக் கேட்காத வழிகாட்டியிடம் போகாதீர்கள். மருந்தை நிப்பாட்டு என்று சொன்னால் அந்த இடத்திலேயே போனை வையுங்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டொக்டரோடு மட்டும்.

சட்டப்படி நடக்கும் இடம் எது என்று நீங்களே பாருங்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உரிமம் பெற்ற நிலையங்கள் 2023 முதல் இருக்கின்றன. அங்கே சடங்குக்கு முன் தயார்படுத்தும் சந்திப்பு கட்டாயம். அவுஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல வைத்தியர் மட்டும், மற்ற மருந்துகளுக்குக் கேட்காத மனச்சோர்வுக்குக் கொடுக்கலாம். இலங்கையிலோ கொடைக்கானலிலோ செய்து தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள்.

நிலையத்துக்கு நேரே போன் எடுத்து, உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். தனிநபர் கணக்குக்கோ உண்டியலுக்கோ முழுக் காசையும் போடாதீர்கள். காளான் வேலை செய்வது நான்கு முதல் ஆறு மணித்தியாலம். அந்த நேரம் முழுக்கப் பக்கத்தில் இருக்கப் போவது யார், ஏதும் நடந்தால் எந்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். காசு கட்டும் முன் உங்கள் வீட்டுத் துயரத்தை யாருக்கும் சொல்லாதீர்கள்.

மனம் தாங்காவிட்டால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம்.

“எந்த இடம் அக்கா” என்று தொடங்கி, இலங்கைக் கணக்கு ஒன்றுக்குக் காசு போடச் சொன்னவர்களிடம் நீங்களும் மாட்டியிருந்தால் எனக்குத் தனிப்பட எழுதுங்கள். பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் படங்கள், குரல் பதிவு எல்லாம் என்னிடம் இருக்கின்றன. வருகிற கிழமை கொழும்பில் கணினிக் குற்றப் பிரிவுக்குப் போகிறேன். சேர்ந்து போனால் முறைப்பாடு பலமாக இருக்கும். 340,000 ரூபாவை நான் விடமாட்டேன்.