மழைக்காட்டுக்கு ரைட் இன் த ரெயின் நோட்டு: எழுத நல்லது, வண்ணத்துக்கு ஆகாது

காட்டுயிர் ஆய்வு மாணவர்கள் தரவு குறிக்கவும் படம் வரையவும் ஒரே நோட்டைத் தேடுவார்கள். நீர் புகாத தாள் கொண்ட ரைட் இன் த ரெயின் நோட்டு பாதி வேலைக்குத்தான் உதவும். தாள் நனைந்திருந்தாலும் பென்சில் தடையின்றி ஓடும், காய்ந்திருந்தால் சாதாரண பால்பாயின்ட்டும் எழுதும். ஜெல் பேனா வேண்டாம். மேற்பூச்சு தண்ணீரை உறிஞ்சவிடாது என்பதால் நீர் மை ஊறாமல் இழுபடும். நீர்வண்ணமும் அப்படியே முத்து முத்தாகத் திரளும்; சோலைமந்தியின் சாம்பல் பிடரியை இதில் தீட்ட முயல்வது வீண்.

களத்தில் பென்சிலால் உருவக்கோடு, தேதி, நேரம், நிறக்குறிப்பு போதும். வண்ணத்தை முகாமில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடித்த பருத்தித் தாளில் போடலாம். கோட்டுக்குப் பிக்மென்ட் மை (காய்ந்தபின் நீரில் கரையாத நிறமி மை) பேனா. ஈரக்காற்றில் அது மெதுவாகத்தான் காயும், அவசரப்பட்டுத் தூரிகை வைத்தால் கலங்கிவிடும். நோட்டின் விலை மாணவர் உதவித்தொகைக்குக் கொஞ்சம் உறுத்தும்.