கல்லுப்பு கைவிட்ட காலையும் ஒரு கல்சியம் குளோரைட் வாளியும்

கனடா ஸ்காபரோவில் எங்கள் டிரைவ்வே, வீட்டுக்கு முன்னால கார் விடுற இடம், வடக்குப் பார்த்தது. வீட்டு நிழல் மத்தியானமும் விலகாது. எதிர்வீட்டுக்காரருக்கு வெயிலே ஐஸை உருக்கிக் குடுத்துவிடும். எனக்கு அந்தக் குடுப்பினை இல்லை. பதினாறு விண்டராக 20 கிலோ கல்லுப்புப் பைதான் என் துணை.

போன தை மாதம் பின்னேரம் மழை தூறி, இரவோடு இரவாக மைனஸ் 17க்கு இறங்கிவிட்டது. விடிய எழும்பி உப்பை அள்ளி எறிந்தேன். கண்ணாடியில் கொட்டின கற்கண்டு மாதிரி அப்படியே கிடந்தது. கோயிலுக்கு வெளிக்கிட்ட அம்மா, காருக்கு ரெண்டடி இருக்கச் சறுக்கி விழுந்துவிட்டா. நல்லகாலம், தடித்த ஜாக்கெட்.

உப்பைக் குறை சொல்லேலாது. கல்லுப்பு எண்டால் சோடியம் குளோரைட், அது மைனஸ் 10 அளவிலேயே களைத்துவிடும். கரையிறதுக்கு அதுக்கு வெளியில இருந்து சூடு வேணும். கல்சியம் குளோரைட் வேற ஒரு உப்பு, கரையேக்க தானே சூட்டை விடும். மைனஸ் 25இலும் வேலை செய்யும். அன்றைக்கே போய் 10 கிலோ வாளி ஒன்று வாங்கினேன். முப்பது டொலருக்கு மேல. அந்தக் காசுக்கு மூன்று பை கல்லுப்பு வரும்.

ஈரக் கையுறையில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன், உள்ளங்கை மெல்லச் சுட்டது. ஐஸில் போட்டதும் சின்னதாய் ஒரு நொறுநொறுப்புச் சத்தம். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு மணியும் தனக்கொரு துளை போட்டு இறங்குது. கால் மணித்தியாலத்தில் இடியப்பத் தட்டு மாதிரி ஆகிவிட்டது. முழு ஐஸும் உருகட்டும் என்று நிற்கக் கூடாது. உப்புத்தண்ணி அடியில் பரவி, தரையில் இருந்து ஐஸைக் கழட்டிவிடும். அப்ப ஐஸ் அள்ளுற சவளை அடியில் குடுத்து நெம்பினால் தோசை மாதிரிப் பாளமாய் வரும். கார் ஒன்று நிற்கிற இடத்துக்குத் தேத்தண்ணிக் கோப்பையால் நாலு கோப்பை காணும். நான் முதல்நாள் பாதி வாளியைக் கொட்டி முடித்தேன், அது என் அவசரம்.

இந்த வாளிக்கு அஞ்சுக்கு நாலு புள்ளி குடுப்பேன். ஒன்றைக் குறைத்தது கராஜால்: மூடியைச் சரியாக அமத்தாமல் விட்டேன், காத்தில் இருந்த ஈரத்தை உறிஞ்சி ரெண்டு கிழமையில் வாளி முழுக்க ஒரே கட்டி. சுத்தியலால் உடைத்தேன். சப்பாத்தோட வீட்டுக்குள்ள வந்தால் டைல்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம் வேற. துடைக்கிறவருக்குத்தான் தெரியும், எங்கள் வீட்டில் அது நான். புதுசாய்க் கொங்கிரீட் போட்டவர்கள் முதல் விண்டருக்கு இதையும் தொடாதேங்கோ, கல்லுப்பையும் தொடாதேங்கோ. மணலைத் தூவினால் காலுக்குப் பிடி கிடைக்கும்.

மைனஸ் 5, 6 என்றால் எனக்கு இப்பவும் கல்லுப்புத்தான். வாளி கதவடியில் இருக்குது. கோப்பையை அம்மா தன்ர பொறுப்பில் எடுத்துவிட்டா. கேட்டால்தான் தருவா, அதுவும் அளந்து.