‘ஃபுல் சர்வீஸ்’ ஜூனோ-106: கோலாலம்பூரில் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கிள்ளான் பள்ளத்தாக்கில் ரோலண்ட் ஜூனோ-106 என்ற பழைய சிந்தசைசர் (மின்னணு கீபோர்டு) ஒன்று அண்மையில் 7,800 ரிங்கிட்டுக்குக் கைமாறியது. விளம்பரத்தில் மூன்று உறுதிமொழிகள்: ஃபுல் சர்வீஸ் செய்தது, ஆறு வாய்ஸ் சிப்பும் புதுசு, 240 வோல்ட்டுக்கு மாற்றியாகிவிட்டது. கூடவே பழுதுபார்க்கும் கடை ஒன்றின் ரசீது. வாங்கியவர் கல்யாண மேடைகளில் வாசிக்கும் இசைக்குழுக்காரர். மேடையில் ஒரு மணி நேரம் கழிந்ததும் ஒரு சுரம் விட்டு விட்டு இரையத் தொடங்கவே, பெட்டி பழுதுமேசைக்கு வந்தது. மூடியைத் திறந்ததும் மூன்று உறுதிமொழிகளும் பொய் என்று தெரிந்தது. விற்றவர் போனை எடுப்பதில்லை. கடைக்காரர், ரசீதில் எழுதிய வேலையை மட்டுமே செய்ததாகச் சொல்கிறார். ரசீதில் ‘சிப் சர்வீஸ்’ என்ற இரண்டு சொல்லுக்கு மேல் எதுவும் இல்லை.

பெயர்களை இங்கே போடப்போவதில்லை. இதே மாதிரிப் பெட்டிகள் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப விற்பனைக்கு வருகின்றன, ஆகவே பெட்டியைப் படிக்கத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

முதலில் சிப். ஜூனோ-106 வெளிவந்தது 1984இல். ஆறு குரல், அதாவது ஒரே நேரத்தில் ஆறு சுரம்; குரல் ஒவ்வொன்றுக்கும் 80017ஏ என்ற ஒரு சிப். ஒலியின் நிறத்தை மாற்றும் ஃபில்டரும் சத்தத்தின் அளவை ஆளும் சுற்றும் (விசிஏ) இரண்டுமே அதற்குள் இருக்கின்றன. சின்னப் பீங்கான் பலகையில் பாகங்களைப் பொருத்தி, மேலே கறுப்பு ரெசினை ஊற்றி மூடிவிட்டார்கள். வருடங்கள் போகப்போக அந்த ரெசினே மின்சாரத்தைக் கசியவிட ஆரம்பிக்கிறது. ஃபில்டரைக் கட்டுப்படுத்தும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது என்பதால், துளிக் கசிவே குரலைக் கெடுக்கப் போதும். அறிகுறிகள்: கீபோர்டுச் சாவியை விட்ட பிறகும் ஒரு குரல் மெல்ல முனகும், கரகரக்கும், ஃபில்டர் முழுதாகத் திறந்தபடி நின்றுவிடும், கடைசியில் குரல் அடியோடு போய்விடும். பெட்டி குளிர்ந்திருக்கும்போது எல்லாம் சரியாக இருந்து, சூடானதும் தலைகாட்டுவது இந்தப் பழுதின் குணம். வாங்குபவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சுவிட்சைப் போட்டு, ஏர்கான் அறையில் பத்து நிமிடம் வாசித்துக் காட்டி அனுப்புகிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

மூடியைத் திறந்தால் சிப்பை அடையாளம் காண்பது எளிது. ஆலைச் சிப் கறுப்புக் கட்டி, மேலே எண் அச்சிட்டிருக்கும். அசிட்டோனில் ஊறவைத்து உரித்த பழைய சிப் என்றால் வெள்ளைப் பீங்கான் பலகை கண்ணுக்குத் தெரியும். இப்போது வேறு தயாரிப்பாளர்கள் செய்து விற்கும் புதிய மாற்றுச் சிப், சிறிய சர்க்யூட் போர்டில் நுண்பாகங்கள் வெளியே தெரியும்படி வரும். இந்தப் பெட்டியில் நான்கு கறுப்புக் கட்டிகள், இரண்டு உரித்தவை, புதியது பூஜ்யம். உரித்தது தப்பில்லை, அது நல்ல வைத்தியம்தான். ஆனால் அதைப் புதுசு என்று விற்கக்கூடாது. ஆறில் இரண்டை மட்டும் உரித்துவிட்டு மீதி நான்கை எப்போது வெடிக்கும் என்று தெரியாத நிலையில் விட்டதை ‘ஃபுல் சர்வீஸ்’ என்பது துணிச்சல்.

விளம்பரத்தோடு அனுப்பிய வீடியோவும் ஒரு பாடம். பாலி 1, பாலி 2 பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் ஜூனோ-106 யூனிசனுக்குப் போகும். ஒரு சாவிக்கு ஆறு குரலும் ஒன்றாக ஒலிக்கும். ஒன்று செத்திருந்தாலும் மீதி ஐந்து அதை மறைத்துவிடும். அதன்மேல் ஒலியைத் தடிக்கவைக்கும் கோரஸ் 2ஐயும் போட்டால் எந்தக் காதுக்கும் எதுவும் பிடிபடாது. அந்த வீடியோ முழுக்க இப்படித்தான். இடையே ஒன்று: கோரஸ் போட்டதும் வரும் லேசான ‘ஸ்’ இரைச்சல் பழுதல்ல. அதற்காகச் சண்டை போட்டு நல்ல பெட்டியை விட்டுவிடாதீர்கள்.

நேரில் சோதிக்கும் முறை இது. போகுமுன்பே, வருவதற்கு முக்கால் மணி முன்னால் பெட்டியை ஆன் செய்து வைக்கச் சொல்லுங்கள். செய்யாவிட்டால் அங்கேயே உட்கார்ந்து காத்திருங்கள். பிறகு அதை அணைத்து, கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் சோதனை நிலைக்குப் போகும். இப்போது எந்தக் குரல் ஒலிக்கிறதோ அதன் எண் திரையில் தெரியும். ஒரே சாவியைத் தொடர்ந்து தட்டினால் ஒன்று முதல் ஆறு வரை எண் சுழலும். எந்த எண்ணில் குறை என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சாதாரண நிலைக்குத் திரும்பி, பாலி 1இல், சா (ரம்பப் பல் வடிவ) அலை மட்டும் போட்டு, பல்ஸ், சப், நாய்ஸ் என்ற மற்ற ஒலிமூலங்கள் மூன்றையும் அணைத்து, ஃபில்டர் ஃப்ரீக்வென்சியை முழுதாகத் திறந்து, ரெசொனன்ஸ் (ஃபில்டரின் கூர்மை) பூஜ்யம், விசிஏவை ‘கேட்’ நிலையில் வைத்து, கோரஸை அணைத்து, ஒரே சாவியை ஆறு தடவை தட்டுங்கள். ஆறும் ஒரே சத்தம், ஒரே நிறம். இதே சோதனையைப் பல்ஸுக்குத் தனியாக, சப்புக்குத் தனியாக. பிறகுதான் முக்கியமானது: எல்லா அலைகளையும் அணைத்து, ரெசொனன்ஸை உச்சத்துக்கு ஏற்றி, ஃப்ரீக்வென்சியை நடுவில் வையுங்கள். ஃபில்டரே விசிலடிக்கும். ஆறு குரலும் விசிலடிக்க வேண்டும். ஒன்று விசிலடிக்க மறுத்தாலோ, மற்றவற்றிலிருந்து வெகுதூரம் விலகி ஒலித்தாலோ, அந்தச் சிப் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது சிப்பை மாற்றியவர் டியூன் செய்யவில்லை. கடைசியாக, சாவியை விட்டபின் ஒலி நீடிக்கும் நேரத்தை ஆளும் ரிலீஸைப் பூஜ்யத்தில் வைத்து, எதையும் தொடாமல் ஹெட்போனில் கேளுங்கள். முனகல் இருக்கக்கூடாது.

எல்லாப் பழியும் 80017ஏ மேல் போகாது. அலையைச் செய்வது எம்சி5534ஏ என்ற வேறு சிப். ஒரு சிப்புக்கு இரண்டு குரல். ஜோடியாக இரண்டு குரலில் ஒரே அலை காணாமல் போனால் அங்கே பாருங்கள். மூன்று குரல் ஒன்றாகத் தடுமாறினால் சுர உயரத்தைத் தீர்மானிக்கும் 8253 டைமர் சிப்பைச் சந்தேகிக்கலாம், ஒரு டைமருக்கு மூன்று குரல் கணக்கு. இந்தக் கணக்குத் தெரியாத கடை, மூன்று குரல் போன பெட்டிக்கு மூன்று வாய்ஸ் சிப்பை விற்றுவிடும்.

இப்போது மூன்றாவது பொய், அதாவது 240 வோல்ட். உயிருக்கே ஆபத்து இதில்தான். இங்கே புழங்கும் பழைய சிந்தசைசர்களில் கணிசமானவை ஜப்பானிலிருந்து வந்தவை; அவை 100 வோல்ட்டுக்கானவை. இந்தப் பெட்டியின் பின்தகட்டில் 100 என்ற எண்ணைச் சுரண்டியிருந்தார்கள். உள்ளே ஆலை டிரான்ஸ்ஃபார்மர் அப்படியே இருக்க, அதன் பக்கத்தில் 240க்கு 110 தரும் சின்ன ஸ்டெப்-டவுன் ஒன்றைச் சூடான பசையால் ஒட்டி, ஒயர் முனைகளைக் கறுப்பு டேப் சுற்றி விட்டிருந்தார்கள். எர்த் ஒயர் எதிலும் இணைக்கப்படவில்லை. பசை பாதி இளகியிருந்தது. இன்னொரு மேடை ஏறியிருந்தால் அது கழன்று உலோகத் தகட்டில் விழுந்திருக்கும்.

சரியாகவே ஒட்டியிருந்தாலும் அது தப்புதான். நம் வீட்டுச் சுவரில் 245 வோல்ட் வருவது சாதாரணம். 240:110 ஸ்டெப்-டவுனில் அது 112 வோல்ட்டாக வெளியேறும். 100 வோல்ட் பெட்டிக்கு இது 12 சதவீதம் அதிகம். உள்ளே பிளஸ் 15, மைனஸ் 15, பிளஸ் 5 வோல்ட் தரும் ரெகுலேட்டர்கள் அந்த மிச்சத்தைச் சூடாக்கித்தான் தள்ளும். சூடு கூடினால் ஏற்கெனவே கசியும் வாய்ஸ் சிப் இன்னும் சீக்கிரம் போகும். போதாக்குறைக்கு, ஆடியோ போர்டை ஒட்டி வைத்த டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் 50 ஹெர்ட்ஸ் ஹம்மாக ஒலியில் ஏறியிருந்தது.

செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று. 230 வோல்ட் பிரைமரியும் (உள்வரும் சுற்று) அதே செகண்டரி (வெளிவரும்) வோல்டேஜ்களும் கொண்ட டிரான்ஸ்ஃபார்மரைச் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துச் சுற்றித் தரச்சொல்லிப் பொருத்துவது. அல்லது பெட்டியைத் தொடாமல், வெளியே 100 வாட்டுக்குக் குறையாத 240-100 ஸ்டெப்-டவுன் வைப்பது. கடைகளில் கைக்கு எட்டுவது 110 வோல்ட்தான்; 100 என்று அழுத்திக் கேளுங்கள். பயணத்துக்கென்று விற்கும் எடையில்லாத ‘கன்வெர்ட்டர்’ வேண்டவே வேண்டாம், அது இஸ்திரிப்பெட்டி மாதிரிச் சூடு போடும் சாமான்களுக்கு. ஜப்பானில் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் இரண்டும் உண்டு, எனவே அந்த ஊர் டிரான்ஸ்ஃபார்மர் நம் 50இல் சிரமப்படாது. அமெரிக்கப் பெட்டி 60க்கு மட்டும் என்று எழுதியிருந்தால் இங்கே கூடுதலாகச் சூடாகும்.

கடையின் வேலையையும் சொல்லியாக வேண்டும். இரண்டு சிப்பைக் கழற்றியவர் ஈயம் உறிஞ்சும் கருவி இல்லாமல், சால்டரிங் இரும்பைக் காட்டிச் சிப்பைப் பிடித்து இழுத்திருக்கிறார். செம்புப் பாதை இரண்டு இடத்தில் பெயர்ந்து, ஒயர் போட்டுக் கட்டியிருக்கிறது. பற்றவைக்கப் பூசும் ஃப்ளக்ஸ் துடைக்கப்படவில்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் துடைக்காத ஃப்ளக்ஸ் அடுத்த கசிவுக்கு விதை. சிப்பைப் பற்றவைக்காமல் செருகி எடுக்க உதவும் சாக்கெட் போடவில்லை, ஆக அடுத்த தடவையும் அதே பாதையில் சூடு. டியூனிங்கும் நடக்கவில்லை. சிப்பை மாற்றினால், உரித்துத் திரும்பப் போட்டாலும்கூட, அந்தக் குரலின் ஃபில்டர் ஃப்ரீக்வென்சி, விட்த், ரெசொனன்ஸ், விசிஏ அளவு, ஆஃப்செட் எல்லாவற்றையும் டிரிம்மர்களில் (போர்டிலுள்ள சின்னத் திருகிகளில்) சரிசெய்தாக வேண்டும். சர்வீஸ் கொடுக்கும்போது ரசீதில் எழுதி வாங்குங்கள்: எத்தனை சிப், புதியதா உரித்ததா, சாக்கெட் உண்டா, டியூனிங் செய்ததா, பழைய பாகங்களைத் திருப்பித் தருவார்களா. கழற்றிய பாகத்தைத் தர மறுக்கும் கடையில் பெட்டியை வைக்காதீர்கள்.

சால்டரிங் பழகியவர்கள் உரிப்பதைத் தாங்களே செய்யலாம். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சுத்தமான அசிட்டோன் போதும். நகச்சாயம் நீக்கும் திரவத்தில் எண்ணெயும் தண்ணீரும் கலந்திருக்கும், அது ஆகாது. கழற்றிய சிப்பை மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் முழுக்க மூழ்கும்படி போட்டு ஒன்று முதல் மூன்று நாள் விடுங்கள். பிளாஸ்டிக் டப்பா கரைந்துவிடும். ரெசின் வெந்த தோல் போல் இளகியதும் மரக்குச்சியால் மெல்லத் தள்ளுங்கள், கத்தி வேண்டாம், பீங்கான் கீறும். கால்கள் சுலபமாக ஒடியும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காயவைத்து, சாக்கெட்டில் செருகிச் சோதியுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் சாமி விளக்கோ சிகரெட்டோ இருக்கக்கூடாது. எல்லாச் சிப்பும் உயிர் பெறாது. பெறாதவற்றுக்கு மட்டும் மாற்றுச் சிப் வாங்கினால் செலவு அடங்கும்.

மெமரி பேட்டரி சிஆர்2032, போர்டில் பற்றவைத்தது. அதை எடுத்தால் 128 ஒலிகளும் போய்விடும்; முதலில் டேப் வழியாகச் சேமித்துவிட்டு, அப்படியே பேட்டரி ஹோல்டர் போட்டுவிடுங்கள்.

இதே 80017ஏ ரோலண்டின் எச்எஸ்-60இலும் எம்கேஎஸ்-7இலும் இருக்கிறது, அவற்றுக்கும் இதே சோதனைதான். 1982இல் வந்த ஜூனோ-60இல் இந்தச் சிப் இல்லை. தனித்தனிப் பாகங்கள், ஆகவே இந்த நோயும் இல்லை, ஆனால் மற்றக் கருவிகளோடும் கணினியோடும் இணைக்கும் மிடியும் இல்லை. கோர்க் பாலிசிக்ஸ் சிந்தசைசர் பார்க்கிறீர்களா? 1981 பெட்டி, அதன் வினை வேறு. கேஎல்எம்-367 போர்டில் உள்ள நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒழுகிச் சுற்றியுள்ள செம்புப் பாதைகளைத் தின்றுவிடும். ‘பேட்டரி மாற்றியாகிவிட்டது’ என்பது பதிலல்ல. அந்த இடத்தில் பச்சை படிந்திருக்கிறதா, பாதைகள் கறுத்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒழுகியது காரம், எனவே வினிகரால் துடைத்து, தண்ணீரால் கழுவி, ஆல்கஹாலால் முடிக்க வேண்டும்.

பணம் விஷயம். முன்பணம் கேட்டால், அனுப்புமுன் அந்த வங்கிக் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்க உதவும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். பணம் அனுப்பிய பின் ஆள் மறைந்துவிட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997ஐக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் கூப்பிட்டால்தான் பயன். தொழிலாக விற்பவர், பழுதுபார்க்கும் கடை ஆகியோர் மீது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை வழக்குப் போடலாம், கட்டணம் 5 ரிங்கிட், மூன்று வருடத்துக்குள். வக்கீல் தேவையில்லை. தன் சொந்தப் பெட்டியை ஒரு தடவை விற்ற தனிநபர் அங்கே அகப்படமாட்டார். அதற்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு உரிமைகோரல், 5,000 ரிங்கிட் வரைதான். விற்பவர் விளம்பரத்தை நீக்குமுன் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், வாட்சப் உரையாடலை அழிக்காதீர்கள், பெட்டியைத் திறக்கும்போது சீரியல் எண்ணிலிருந்து தொடங்கி வெட்டாமல் வீடியோ எடுங்கள். இந்தப் பெட்டி விஷயத்தில் கடை மீதான மனு தயாராகிறது. பெயர்ந்த செம்புப் பாதையின் படங்களும், அந்த இரண்டு சொல் ரசீதும் அதோடு போகின்றன.