கொழுந்துக் கழிவும் மழையும்: சோலரின் ‘லெட்’ மாறிகளோடு நீண்டநாள் பழக்கம்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது இரண்டு எண்கள் வருகின்றன. ஒன்று தராசு காட்டும் மொத்த நிறை. மற்றது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தபின் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில் ஏறும் நிறை. ஒரு கிலோ குறைந்தாலே முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) அரைப்பேராகிவிடக்கூடிய இடத்தில், நடுவில் போகும் கழிவு மழையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது சின்ன விசயமல்ல. நிறுவைப் பதிவுகள் அப்பாச்சி சோலர் தேடுபொறியில் ஏற்கெனவே இருந்தால், வெளியே எடுத்துச் சென்று கணக்குப் பார்க்கத் தேவையில்லை. அதன் கணித மொழியும், கணக்கின் ஒவ்வொரு படியையும் ஒரு பெயரில் (மாறியில்) வைக்க உதவும் ‘லெட்’டும் போதும். மாதக்கணக்காக இதே வேலைக்குப் பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டவை இவை.

மாறிகளின் பெயரைப் படிக்க வசதியாகத் தமிழிலேயே சொல்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் போடுங்கள். ‘லெட்’டின் அடைப்புக்குள் முதல் மாறி ‘பதிவு’. தேடல் கொண்டுவரும் பதிவுகள் முழுவதும் இதில் தங்கும். அடுத்து ‘மொத்தம்’, ‘நிகரம்’, ‘மழை’ என்ற மூன்றையும் ‘கொல்’ (col, ஒரு புலத்தின் எண்களை மட்டும் பட்டியலாக எடுப்பது) என்ற செயற்கூறால் அதே ‘பதிவி’லிருந்து உருவ வேண்டும். பிறகு ‘ஈபிஈ சப்ராக்ட்’ (ebeSubtract) மொத்தத்திலிருந்து நிகரத்தை ஒவ்வொன்றாகக் கழித்துக் ‘கழிவு’ தரும். மொத்தம் 24, நிகரம் 22 என்றால் கழிவு 2. கழிவை ‘ஈபிஈ டிவைட்’ மூலம் மொத்தத்தால் வகுத்தால் ‘விகிதம்’. கொழுந்து கூடிய நாளில் கழிவுக் கிலோவும் கூடத்தானே செய்யும். ஆகவே மழையோடு ஒப்பிட வேண்டியது கிலோவை அல்ல, விகிதத்தை. கடைசியாக, இரண்டு பட்டியல்களுக்கும் பொருந்தும் நேர்கோட்டைக் கண்டுபிடிக்கும் ‘ரிக்ரெஸ்’ (regress). அதில் முதலில் மழை, பிறகு விகிதம். மாற்றிப் போட்டாலும் பிழை காட்டாது, ஆனால் சாய்வு வேறாகிவிடும்.

விடையில் வரும் எண்களை இப்படி வாசிக்கலாம். வெட்டுத்துண்டு, மழை இல்லாத நாளின் கழிவு விகிதம், அதாவது பெரும்பாலும் சாக்கு. சாய்வு, ஒரு மில்லிமீட்டர் மழைக்குக் கூடும் கழிவு விகிதம். விகிதத்தின் ஏற்ற இறக்கத்தில் மழை எவ்வளவை விளக்குகிறது என்று காட்டும் ஆர் ஸ்கொயர்ட் சுழியத்தை ஒட்டிக் கிடந்தால், மழையைப் பார்த்துக் கழிவு போடப்படவில்லை என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்வதற்கு முன், தரவு சரியாக வரிசைப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அநேகமாகச் சறுக்குவது அங்கேதான்.

நிறையை ஒரு தேடலிலும் மழையை இன்னொரு தேடலிலும் எடுத்துவிட்டு ஒப்பிடுவது முதல் பிழை. போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் கொழுந்து பறிக்காவிட்டால் நிறைப் பட்டியல் ஒரு வரி குறையும், மழைப் பட்டியல் குறையாது. நீளம் மாறினால் கணக்குப் பிழையாகும் என்பதாவது உடனே தெரிந்துவிடும். தற்செயலாக நீளம் ஒத்துப்போய் நாள்கள் மட்டும் பிசகினால், யாரும் கவனிக்காத பொய் விடை வரும். பதிவுகளைக் குருட்டாம்போக்கில் பொறுக்கும் ‘ரேண்டம்’ மாதிரியை இரண்டு தடவை கூப்பிட்டால் இரண்டும் வேறுவேறு பதிவுகள். எனவே ஒரு நாளின் நிறையும் மழையும் ஒரே ஆவணத்தில் இருக்கட்டும், எல்லாக் கொல்லும் ஒரே மாறியிலிருந்து வரட்டும். மொத்தம் சுழியமான நாளையும் மழை பதியாத நாளையும் ‘ஹேவிங்’ என்ற வடிகட்டி போட்டு முதலிலேயே தள்ளிவிடுங்கள். வகுத்தலுக்கு அது அவசியம்.

இரண்டாவது விசயம் மழைமானி. இலங்கையில் மழை அளப்பது காலை 8.30க்கு, அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்கு. செவ்வாய் காலை எழுதும் எண்ணில் பெரும்பங்கு திங்கள் பெய்த மழை. திங்கள் மாலை நிறுவையை அதோடுதான் சேர்க்க வேண்டும். 90 நாள் பட்டியலில், ஒரு பகுதியை வெட்டியெடுக்கும் ‘கொப்பி ஆஃப் ரேஞ்ச்’ கொண்டு மழையை 1 முதல் 90 வரையும், விகிதத்தை 0 முதல் 89 வரையும் வெட்டினால் இரண்டும் 89 ஆகும்; தொடக்க எண் சேரும், முடிவு எண் சேராது. ஆனால் இது வரியைத்தான் நகர்த்துகிறது, திகதியை அல்ல. பறிக்காத நாள்களை ஏற்கெனவே தள்ளியிருந்தால் நகர்த்தலும் தப்பாகும். தரவு ஏற்றும்போதே மழை எண்ணை முந்தைய நாளுக்கு எழுதிவிடுவதே எங்கள் சிபாரிசு. வெட்டு வேலையே மிஞ்சாது.

‘மூவிங் அவரேஜ்’ (நகரும் சராசரி) 7 நாள் போட்டால் பட்டியல் ஆறு வரி சுருங்கும். சுருங்காத இன்னொன்றோடு சேர்க்காதீர்கள். இதற்குத் திகதி வரிசையும் வேண்டும். ரேண்டம் கொடுத்த மாதிரியில் சராசரியை நகர்த்துவதில் பொருளே இல்லை. ‘சேர்ச்’சில் ‘சோர்ட்’ எழுதி, முழுத் தரவும் வேண்டுமானால் ‘எக்ஸ்போர்ட்’ கையாளியைக் குறிப்பிடுங்கள். அதற்கு அந்தப் புலங்களில் டொக்வேல்யூஸ் (மதிப்புகளைப் புலவாரியாகச் சேமிக்கும் அமைப்பு) இருந்தாக வேண்டும்.

மலைநாட்டின் மேற்கிலுள்ள வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தையும் கிழக்கிலுள்ள பதுளைப் பக்கத்தையும் ஒரே மாறியில் கொட்ட வேண்டாம். முன்னதற்குத் தென்மேல் பருவமழை, பின்னதற்கு வடகீழ். ஒரே லெட்டுக்குள் ‘மேற்கு’, ‘கிழக்கு’ என இரண்டு தேடல்களும் இரண்டு ரிக்ரெஸ்ஸும் வைத்தால் வேறுபாடு ஒரே பார்வையில் தெரியும்.

லெட் கடைசி மாறியை மட்டுமே காட்டும். மற்றவற்றையும் பார்க்க ‘எக்கோ’வில் பெயர்களை எழுதுங்கள். அதற்கு ‘ட்ரூ’ என்று கொடுத்தால் ‘பதிவு’ முழுவதும் கொட்டி, உலாவி திணறும். சரிபார்ப்புக்கு மொத்தம், நிகரம், கழிவு என்ற மூன்றும் போதும்: செக்ரோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் ஐந்து நாளை விரலால் ஒத்துப்பாருங்கள். இந்த மொழி பிடித்துப்போனதற்கே காரணம் இதுதான். ஒவ்வொரு படிக்கும் பெயர் இருப்பதால், கேள்வி கேட்பவருக்கு எந்த இடத்திலும் நிறுத்திக் காட்டலாம்.

குறைகளும் உண்டு. மாறி முழுவதும் சேவையகத்தின் நினைவகத்தில் உட்காருவதால், பல வருசத் தரவை அப்படியே ஏற்றினால் இடம் போதாமல் போகும். மாறியைப் பிறகு எடுக்கச் சேமிக்கும் ‘புட் கேஷ்’ஷில் வைத்ததும் அந்தக் கணக்கு ஓடிய கணுவில் (சேவையகத்தில்) மட்டுமே இருக்கும், அந்தக் கணுவை மீளத் தொடங்கினால் போய்விடும். கட்டளை வரியில் அனுப்பும்போது, பதிவுகளை நாள்வாரியாகத் தொகுக்கும் ‘ரைம் சீரிஸ்’ இடைவெளியிலுள்ள கூட்டல் குறி வெற்றிடமாக மாறிப் பிழை வரும். யூஆர்எல் குறியாக்கம் செய்து அனுப்புங்கள், அல்லது நிர்வாகத் திரையிலுள்ள ‘ஸ்ட்ரீம்’ பக்கத்தில் ஒட்டி ஓடவிடுங்கள்.