கொசு உள்ளானின் கால் நிறமும் அழிப்பான் கருவிகளும்

போன குளிர்காலம் முழுக்க ஞாயிறு காலைகளில் சென்னையின் தெற்கே பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், கேளம்பாக்கம் உப்பங்கழி என்று கேமராவோடு சுற்றினேன். அந்தப் பக்கம் பறவைகளைப் படமெடுத்தவர்களுக்குத் தெரியும், குப்பை இல்லாத ஃபிரேம் கிடைப்பதே அபூர்வம். நாமக்கோழிக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் மிதக்கும். மீன்கொத்தி உட்காரும் கம்பிக்குப் பின்னால் கட்டுமானக் கிரேன் நிற்கும். இதையெல்லாம் நீக்க எந்தக் கருவி நல்லது என்று மூன்று நான்கு மாதம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் அடோபியின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் உள்ள ரிமூவ் பிரஷ்ஷிடம் வந்து சேர்ந்திருக்கிறேன். அதிலும் அழித்த இடத்தைப் புதிதாக வரைந்து நிரப்பும் ஜெனரேட்டிவ் ஏஐ என்ற டிக்கை எடுத்துவிட்டுத்தான் பயன்படுத்துகிறேன்.

சுலபமான வேலைகளை முதலில் முடித்துவிடலாம். சென்சார் தூசி, வெறும் வானத்தில் ஓடும் மின்கம்பி, பின்னணி மங்கலில் தெரியும் ஒற்றைக் குச்சி, இவற்றுக்கு எந்தக் கருவியும் போதும். போனிலேயே பார்ப்பவர்களுக்கு ஸ்னாப்சீட்டின் ஹீலிங் இருக்கிறது. 2021இல் பிக்சல் 6 போனோடு வந்த மேஜிக் இரேசர் இப்போது கூகுள் போட்டோஸிலேயே கிடைக்கிறது. ஐபோனில் 2024 அக்டோபரில் ஐஓஎஸ் 18.1 உடன் கிளீன் அப் வந்தது. என்னிடம் ஐபோன் இல்லை, நண்பரின் போனில் நாலைந்து படங்களில்தான் முயன்றேன் என்பதால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதோடு படத்தின் வேலை முடிந்துவிடும் என்றால் இவற்றில் எது கைக்கு வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

பறவைக்கு மேலேயே குச்சியோ புல்லோ குறுக்கே வரும்போதுதான் கருவிக்குக் கருவி வித்தியாசம் தெரிகிறது. அழித்த இடத்தில் என்ன வந்து உட்காருகிறது என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன்.

ஜனவரியில் ஏரியோரச் சேற்றில் கொசு உள்ளான் என்ற சிறிய கரைப்பறவை ஒன்று கிடைத்தது. நல்ல வெளிச்சம், ஆனால் இரண்டு காலுக்கும் குறுக்கே ஒரு புல். செயற்கை நுண்ணறிவு அழிப்பான் ஒன்றில் கொடுத்தேன். பத்து நொடியில் புல் போய், மெல்லிய கறுப்புக் கால்கள் இரண்டு வந்தன. சேற்றின் ஈரம்கூட அப்படியே இருந்தது. சந்தோஷமாகப் பறவை நண்பர்கள் குழுவில் போட்டேன். மூத்தவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, முதுகும் மார்பும் இவ்வளவு பழுப்பா இருக்கே, கால் எப்படிக் கறுப்பா வந்தது?" மூல ஃபைலைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். புல்லுக்கு மேலேயும் கீழேயும் தெரிந்த கால் மங்கிய மஞ்சள். நான் எடுத்தது டெம்மிங்க் கொசு உள்ளான். சிறு கொசு உள்ளானுக்குத்தான் கால் கறுப்பு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல நாம் முதலில் பார்ப்பதே கால் நிறத்தை. அந்த அழிப்பான் புல்லோடு சேர்த்துக் காலையும் புதிதாக வரைந்து, பறவையின் இனத்தையே மாற்றிக் கொடுத்திருந்தது. எனக்கு அது சாதாரணத் தவறாகப் படவில்லை. அந்தப் படத்தை நம்பி ஒருவர் தன் பட்டியலில் பறவையின் பெயரைத் தவறாகக் குறித்திருக்கக்கூடும்.

டிக் எடுத்த ரிமூவ் பிரஷ் பின்பற்றும் பழைய முறை அப்படி வரையாது. அதே படத்தில் வேறு இடத்திலிருந்து பொருந்துகிற சிறு துண்டுகளைத் தேடி எடுத்து ஒட்டும். 2009இல் பிரின்ஸ்டன், அடோபி ஆய்வாளர்கள் வெளியிட்ட பேட்ச்மேட்ச் என்ற வழிமுறை இந்தத் தேடலை வேகமாக்கியது. அடுத்த ஆண்டே போட்டோஷாப் சிஎஸ்5இல் கன்டென்ட் அவேர் ஃபில் வந்தது. இதிலும் குறை உண்டு. ஒரே கோரைக் கொத்து இரண்டு இடத்தில் தெரியும், இறகின் ஓரம் மழுங்கும். ஆனால் அது கண்ணில் படுகிற குறை. பார்த்ததும் திருத்தலாம், முடியாவிட்டால் விட்டுவிடலாம். வரைந்து நிரப்பும் கருவியின் தவறு அழகாக இருப்பதால் நமக்கே தெரிவதில்லை.

லைட்ரூமை நான் விரும்ப இன்னொரு காரணமும் இதோடு சேர்ந்ததுதான். கேமரா பதிவுசெய்த மூலத் தரவான ரா ஃபைலை அது தொடுவதில்லை. எங்கே பிரஷ் வைத்தோம் என்ற குறிப்பை மட்டும் தனியாகச் சேமிக்கிறது. ஒரு வருடம் கழித்து யாராவது சந்தேகம் கேட்டாலும் அந்த ஒரு திருத்தத்தை மட்டும் நீக்கிக் காட்டலாம். ஹீல் முறைக்கு மாறினால் எந்த இடத்திலிருந்து எடுத்து ஒட்டுகிறது என்பதும் திரையில் தெரியும், அந்த வட்டத்தை நகர்த்தி நாமே வேறு இடம் காட்டலாம். இறகோரத்தில் வேலை செய்யும்போது இந்தக் கட்டுப்பாடு எனக்குப் பெரிய நிம்மதி.

2024 மே மாதம் லைட்ரூமிலும் ஜெனரேட்டிவ் ரிமூவ் வந்துவிட்டது. அதை முழுக்க ஒதுக்கவில்லை. கோரைப்புல் பின்னணியில் பெரிய பிளாஸ்டிக் மூட்டை கிடந்தால் ஒட்டும் முறை திணறும், இது சுத்தமாக முடிக்கும். இணையம் வேண்டும். பிரஷ் பறவையையோ தண்ணீரில் விழும் அதன் நிழலையோ தொடாத இடத்தில் மட்டும்தான் அந்த டிக்கைப் போடுகிறேன்.

லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்ட முடியாதவர்களுக்கு டார்க்டேபிள், கிம்ப் என்ற இரண்டு மென்பொருள்களும் இலவசம். டார்க்டேபிளில் ராவைத் திறந்து, கிம்ப்பில் படத்தின் நகலை மேலே இன்னொரு லேயராக (அடுக்காக) வைத்து அதில் ஹீல் செய்தால் கீழே மூலப்படம் பத்திரமாக இருக்கும். நேரம் இரண்டு மடங்கு பிடிக்கிறது, ஆனால் பறவைக்குப் பக்கத்தில் முடிவு லைட்ரூமுக்கு இணையாகவே வந்தது. கிம்ப்புக்கான ரீசிந்தசைசர் நீட்சியைப் பத்துப் படங்களில்தான் பார்த்தேன். அதில் எட்டு நன்றாக இருந்தன.

போட்டிக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவைப்படாது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர் போட்டியில் சென்சார் தூசியை நீக்கலாம், படத்தில் இருந்த பொருளை நீக்கக்கூடாது. ரா ஃபைலையும் கேட்பார்கள். அதனால் அனுப்ப நினைக்கும் படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்துவிடுகிறேன், அங்கே பிரஷ்ஷே கிடையாது. பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்ட் தளத்தில் ஏற்றும் படங்களிலும் ஓரம் வெட்டி வெளிச்சம் திருத்துவதோடு சரி. டெம்மிங்க் கொசு உள்ளானையும் காலுக்குக் குறுக்கே அந்தப் புல்லோடுதான் ஏற்றினேன்.